வாசல்ல போச்சு

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மேடம் நிறுத்தச் சொன்னார். கத்திரி நிறுத்தினான். எடிட்டருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அவனே இப்போது போனை எடுத்தால் "கத்திரி பேசறேன்" என்றுதான் சொல்கிறான். திரையில் என் கதாநாயகன் ஒரு கையால் பாட்டில் மூடியைத் திறக்கப் போராடியபடி அப்படியே நின்றுபோனான். இன்னொரு கையில் மாவுக்கட்டு. கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்ட ஒரு நீலத் துணி அந்தக் கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கு எதிரே அவன் மனைவி. பாட்டிலைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் சீனைத் தாண்டி ஓட விட்டுட்டியாப்பா?" என்று மேடம் கத்திரியிடம் கேட்டார்.

"இல்ல மேடம். இதுதான் முதல் சீன்."

மேடம் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "எனக்கு என்னமோ தியேட்டருக்கு லேட்டா வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு."

எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றி மேடம்" என்றேன்.

கத்திரி குனிந்து, விசைப்பலகையில் இல்லாத தூசியை ஊதினான். மேடம் பாராட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரி, அவனுக்குக் கை எப்படி உடைஞ்சுது?"

"தெரியாது மேடம்."

"யாருக்குத் தெரியாது? பாக்கறவங்களுக்கா, உனக்கா?"

"எனக்கும்தான்."

"நீதானேம்மா எழுதினது?"

மேடம் கோபக்காரர் அல்ல. என்னைப் போன்ற புது ஆட்களை நம்பிச் சின்னச் சின்னப் படங்களாகத் தயாரிப்பவர். அந்த நம்பிக்கையின் பேரில் தலைவலி மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருப்பவர். அவர் மெதுவாகவே சொன்னார். படம் எடுத்த வீடு சனிக்கிழமை வரை எங்கள் கையில் இருக்கிறது. அன்று ஒரு நாள் எல்லோரையும் வரவழைக்கலாம். அதற்குள் நான் ஒரு முதல் காட்சியோடு வரவேண்டும். வரமுடியாவிட்டால் அவரிடம் ஒன்று தயாராக இருக்கிறது.

"லாரி வேகமா வருது. வளைவு. எதிர்ல ஒரு நாய். பிரேக். கண்ணாடி சிதறுது. ஒரு கை மட்டும் சன்னல் வழியா வெளிய தொங்குது. டைட்டில்." கண்களை மூடிக்கொண்டு சொன்னார். "எப்படி?"

நன்றாகத்தான் இருந்தது. என் பயமே அதுதான். என் படம் வீடு மாற்றித் தருகிற ஒரு தம்பதியைப் பற்றியது. அவர்கள் லாரியில் வந்து, ஊரார் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி, இன்னொரு வீட்டில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல் அவர்கள் கழிக்கிற ஒரே ஒரு வேலைநாள்தான் கதை. அந்த லாரி முதலில் கவிழ்ந்துவிட்டால் அப்புறம் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள். அந்த இருவருக்கும் நடுவில் இருக்கிற மேசையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கை உடைந்த கதையாக ஆகிவிடும் என் படம்.

மேடம் போனபிறகு கத்திரி கேட்டான். "நெஜமாவே முதல் சீன் எழுதலியா, இல்ல எழுதித் தொலைச்சிட்டியா?"

"எங்க வீட்ல முதல் சீன்னு ஒண்ணு கிடையாது" என்றேன்.

அது உண்மை. என் அப்பாவும் அம்மாவும் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது கடைக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. சினிமா என்றால் கடை சாத்தியபின் மாலைக் காட்சி. ஆனால் கதவை இழுக்கிற நேரம் பார்த்துத்தான் யாராவது மூச்சிரைக்க ஓடிவருவார்கள். அப்பாவுக்கு அவர்களை நாளைக்கு வா என்று சொல்ல வாய் வராது. "பாவம், காலையில எதைப் போட்டுக்கிட்டுப் போவாங்க?" என்பார். அம்மா வெளியே தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, புறப்படுகிற பாவனையில் ஒரு காலை முன்னால் வைத்தபடி நிற்பாள். ஆகவே நாங்கள் தியேட்டருக்குள் நுழையும்போது எப்போதும் இருட்டாகவே இருக்கும். யார் யாருடைய முழங்கால்களையோ இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய் உட்கார்ந்து நிமிர்ந்தால், திரையில் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள், அல்லது யாரையோ யாரோ துரத்திக்கொண்டிருப்பார்கள். எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தத் தெரியாத பகுதிக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. வாசல்ல போச்சு. கதாநாயகன் ஏன் நொண்டுகிறான்? வாசல்ல போச்சு. அந்தப் பெண் ஏன் சிவப்பைக் கண்டால் நடுங்குகிறாள்? அது வாசல்ல போச்சு. நாங்கள் வாசலில் இருந்தபோது உள்ளே நடந்து முடிந்தது என்று அர்த்தம். படம் முடிந்து நடந்து வரும்போது ஆளுக்கொரு ஆரம்பம் சொல்வோம். அம்மாவின் ஆரம்பங்களில் யாராவது யாருக்காவது வாக்குக் கொடுத்திருப்பார்கள். அப்பாவின் ஆரம்பங்களில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பொருள் தொலைந்திருக்கும். வீட்டுக்கதவைத் திறக்கும்வரை சண்டை நடக்கும். எது சரி என்று நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகும், ஒரு படம் என்பது கண் இருட்டுக்குப் பழகியபிறகு தொடங்குவது என்றுதான் எனக்குள் எங்கேயோ பதிந்திருக்கிறது. என் திரைக்கதையை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே காட்சி இரண்டு என்று போட்டிருந்தேன். படப்பிடிப்பு முழுக்க ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் தட்டச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அடுத்த இரண்டு நாளும் நான் மற்றவர்கள் படங்களின் முதல் காட்சிகளாகப் பார்த்தேன். மேலேயிருந்து தெரியும் நகரம். போர்வைக்குள்ளிருந்து நீண்டு அலாரத்தை அணைக்கும் கை. நீளமான ஒரு நடைபாதையில் பின்னாலிருந்து தெரியும் ஒரு ஆள். எல்லாம் அழகாகவே இருந்தன. ஆனாலும் அடுத்தவர் வீட்டுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டதைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் இன்னும் தலைகூட வாரியிருக்கமாட்டார்கள், நான் அதற்குள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாவல்களில் எனக்கு இந்தச் சிக்கல் இல்லை. நான் தேடித்தேடிப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி கொட்டும் ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் ஒருவர் பெட்டியோடு இறங்குவார். பனியை நான் பார்த்ததே இல்லை, அந்த ஊரின் பெயரை உச்சரிக்கவும் வராது, இருந்தும் அவர் பின்னாலேயே போய்விடுவேன். ஏன் போகிறேன் என்று யோசித்தேன். அவர் முன்பு ஒருமுறை அந்த ஊருக்கு வந்திருக்கிறார் என்று தோன்றும். அதை எந்த வரி சொல்கிறது என்று தேடினால் கிடைக்காது.

கத்திரியிடம் கேட்டேன். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கொள்கை உண்டு.

"முதல் சீன் நல்லா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கணும் தெரியுமா? பாப்கார்ன் எடுத்த கை வாய்க்குப் போற வழியில நிக்கணும்."

"அதுக்கு?"

"ஒரு பொணம் போடு."

"காலைச் சாப்பாட்டு மேசையிலயா?"

"மேசைக்கு அடியில போடு. யார் வேண்டாங்கறா?"

வியாழக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் கடை ஓய்ந்திருக்கும். மேலே கம்பிகளில் உறை போட்ட துணிகள் வரிசையாகத் தொங்க, அவற்றுக்குக் கீழே அம்மா ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நீராவி இஸ்திரிப்பெட்டியை ஆறப்போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். படம் கைவிட்டுப் போகப்போகிறது என்று அல்ல, முதல் காட்சி மட்டும்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"அதுக்கு ஏண்டி மூக்கை உறிஞ்சற? போடு, பாப்போம்" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, "முதல்லருந்தா போடப்போற?" என்றாள்.

"பின்ன?"

"நீ ஓட விடு. நாங்க பின்னாடியே வந்து பாக்கறோம்."

"ஆமா, முதல்லருந்து பாத்தா எனக்கும் தூக்கம் வரும்" என்றார் அப்பா.

"இது முதல்லருந்து பாத்தாலும் லேட்டா வந்த மாதிரிதான் இருக்கும்ப்பா. அதுதான் பிரச்சினையே."

"அப்படியா? அப்ப சரி." இருவரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

பாட்டில் மூடி, மேசை, சன்னல், அவள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போவது. அவர்கள் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல வாயைச் சற்றுத் திறந்து வைத்திருந்தாள். அப்பா திடீரென்று திரையைச் சுட்டினார்.

"அவுத்துக் கட்டியிருக்காங்க பாரு."

"எதைப்பா?"

"கழுத்துல. முன்ன முடிச்சு இந்தத் தோள்ல இருந்துது. இப்ப அந்தத் தோளுக்குப் போயிடுச்சு."

நிறுத்திப் பின்னால் ஓட்டினேன். இருந்தது. அவன் மூடியோடு போராடும்போது நீலத் துணியின் முடிச்சு இடது தோளில். அவள் தட்டை எடுக்கும்போது வலது தோளில். இரண்டையும் வேறு வேறு நாளில் எடுத்திருந்தோம். நான், ஒளிப்பதிவு அண்ணன், எத்தனையோ முறை பார்த்த கத்திரி, ஒருவர் கண்ணிலும் படவில்லை. காது மடல் சுட்டது எனக்கு.

"அது தப்புப்பா. எடுக்கும்போது கவனிக்காம விட்டுட்டோம்."

அப்பா காதிலேயே வாங்கவில்லை. "குளிக்க அவுத்திருப்பான்."

"அவுத்தது சரி" என்றாள் அம்மா. "யாரு திருப்பிக் கட்டினது? ஒரு கையை வச்சுக்கிட்டு அவனே எப்படிப் பின்கழுத்துல முடிச்சுப் போடுவான்?"

"பக்கத்து வீட்டுக்காரன் போட்டு விட்டிருப்பான்."

"ஏங்க, காலங்காத்தால போய்க் கதவைத் தட்டி, என் பொண்டாட்டி எங்கிட்டப் பேசல, கொஞ்சம் முடிச்சுப் போட்டு விடுங்கன்னு கேப்பானா?"

"கேட்டா என்ன? நான் கேப்பேன்."

"கிழிச்சீங்க. நான் பேசாம இருந்த அன்னிக்கு சட்டையை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க இதே கடையில உட்கார்ந்திருந்தது யாரு? ஊர்த் துணியெல்லாம் தேச்சுக் குடுக்கற மனுஷன்!"

"அது புது மோஸ்தர்னு நெனச்சிருப்பாங்க."

"அவதான் கட்டியிருக்கா" என்று அம்மா ஒரேயடியாக முடித்தாள். "வாயைத் திறக்காம வந்து, கட்டி விட்டுட்டுப் போய் உட்கார்ந்திருக்கா. நல்லா இறுக்கி."

"இறுக்கின்னு எப்படிச் சொல்ற?"

"கோவத்துல இருக்கறவ வேற எப்படிக் கட்டுவா? அதான் மூடியைத் திறந்து தரமாட்டேங்கறா. காலையில அவ்வளவு தூரம் இறங்கி வந்தாச்சு. இனிமே அவன்தான் வரணும்."

இந்த இடத்தில், வெளுக்கக் கொடுத்த திரைச்சீலையை வாங்கிப்போக ஒரு வாடிக்கையாளர் வந்தார். அப்பா உட்கார்ந்தபடியே சைகையால் அவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவர் இரண்டு நிமிடம் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அவனுக்குக் கையில என்னங்க?" என்று கேட்டார்.

"அது வாசல்ல போச்சு" என்றார் அப்பா.

வாடிக்கையாளர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் திரைச்சீலையோடு போனதும் நான் கொடியில் கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். "அப்பாவுக்குக் கட்டி விடு. கோவமா இருக்கற மாதிரி."

"இருக்கற மாதிரி என்ன, இருக்கேன். காலையில சொன்ன மத்த பொத்தான்களை இன்னும் வாங்கிட்டு வரல."

அப்பா கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டார். அம்மா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். துணியைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அவர் தலை குனிந்திருந்தது வாகாக இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் விரல் முட்டியால் அவர் தாடையைத் தட்டினாள். தாடை தானாக உயர்ந்தது. அவள் முடிச்சைப் போட்டாள், இன்னொரு முறை போட்டாள், கை கனம் தாங்குமா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவள் போய்ப் பொத்தானைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அப்பா கட்டிய கையோடு அப்படியே நின்றார். "போதுமா? அவுத்து விடு" என்றார். "இருங்க, ஊசியில இருக்கேன்" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. வசனம் இல்லை. மேடத்துக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"படிச்சேன். ஆனா கை எப்படி உடைஞ்சுது?"

"எனக்கு இப்பவும் தெரியாது மேடம்."

மறுமுனையில் மாத்திரை உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "சனிக்கிழமை முதல்ல உன்னுதை எடுத்துப் பாக்கலாம். சரியா வரலேன்னா என்னுது. லாரிக்குச் சொல்லிட்டேன், நிக்கட்டும்."

லாரி நின்றது. சனிக்கிழமை காலையில் நாங்கள் போனபோது அந்த வீட்டுக்கு எதிரே தெருவை அடைத்துக்கொண்டு, உடைப்பதற்கென்றே மாட்டிய பழைய கண்ணாடியோடு நின்றிருந்தது. உள்ளே மேசையைத் தள்ளிவிட்டு, சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டோம். வெயில் நாற்காலியின் ஒரு காலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

மனைவியாக நடிப்பவர் துணியை விரலில் சுற்றிக்கொண்டே வந்து கேட்டார். "கோவமாக் கட்டணுமா, பாசமாக் கட்டணுமா?"

"இறுக்கிக் கட்டணும்."

அவர் துணியை விரலிலிருந்து உருவினார். பிறகு, "எங்க வீட்டுக்காரருக்கு டை கட்டற மாதிரின்னு சொல்லுங்க" என்று போய்விட்டார்.

முதல் தடவை ரொம்ப மெதுவாக வந்தது. போரிலிருந்து திரும்பியவனுக்குக் கட்டுவதைப் போல இருந்தது. அடுத்த தடவை துணி வழுக்கியது. அதற்கடுத்த தடவை எல்லாம் சரியாக இருந்தது, எனக்கே அலுப்பாக இருந்தது. எனக்குப் பின்னால் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைத் திரும்பாமலே உணர்ந்தேன். வெளியே லாரி ஓட்டுநர் யாரிடமோ கண்ணாடி எப்போது உடையும் என்று ஆர்வமாக விசாரித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை" என்றேன். கடைசியாக இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நடிகை பின்னால் வந்து நின்றார். துணியைச் சுற்றினார். முட்டியால் தாடையைத் தட்டினார், தாடை உயர்ந்தது. முடிச்சை இழுத்தார். அந்த இழுப்பில் நடிகரின் பின்கழுத்து முடிக்கற்றை ஒன்று முடிச்சுக்குள் சிக்கிக்கொண்டது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கத்தியிருக்கவேண்டும், ஆனால் பேசாத புருஷன் எப்படிக் கத்துவான்? உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தார். நடிகைக்கு அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது. அவர் முகத்தில் சிரிப்பு பொங்கி வருவதைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. விரல்களைத் துணியிலிருந்து எடுத்தார், திரும்பி, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். தோள்கள் குலுங்கின.

"அழறாளா?" என்று மேடம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டார்.

"சிரிக்கிறாங்க மேடம்" என்றார் ஒளிப்பதிவு அண்ணன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லப்பா, அழறா."

அண்ணன் கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் இப்ப சந்தேகமாத்தான் இருக்கு" என்றார்.

மேடம் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் கையிலிருந்த தாள்கள், லாரியும் நாயும் வளைவும் இருந்த தாள்கள், மார்போடு மடங்கிக் கசங்கியதை அவர் கவனிக்கவில்லை. "வேணும்னே உடைச்சுக்கிட்டானோ?" என்று முணுமுணுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. "இவ கிளம்பிப் போறேன்னு சொல்லியிருப்பா."

நான் கட் சொல்லவில்லை. நாற்காலியில் நடிகர் உயர்த்திய தாடையை இறக்காமல் உட்கார்ந்திருந்தார், கட்டி முடிந்ததா இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல். பின்னால் என்ன நடக்கிறது என்று அவரால் பார்க்கமுடியாது. நல்ல கை மெல்ல மேலே போயிற்று. தோளைத் தாண்டி, கழுத்துக்குப் பின்னால், காற்றில் கொஞ்ச தூரம் துழாவியது. சன்னலில் அவள் தோள்கள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தன.